பெட்ரோலில் ஆயில், பிளக்கில் கரி

செஞ்சி வட்டாரத்தில் டிவிஎஸ் ஃபிஃப்டியோ எக்ஸ்எல்லோ ஓடாத ஊர் கிடையாது. வல்லம் ஒன்றியத்துக் கிராமங்களில் மணிலா (நிலக்கடலை) மூட்டை, பால் கேன், உரப்பை, மாட்டுக்குப் புல்லுக்கட்டு எல்லாமே பெரும்பாலும் இந்தச் சின்ன வண்டியின் முதுகில்தான் போய் வருகின்றன. செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நெல் வரும் நாட்களில் வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தாலே இது புரியும்.

இந்த வண்டியைப் பழைய மாடலில் வைத்திருப்பவர்களுக்கு இரண்டு சந்தேகம் ஒரு தடவையாவது வந்திருக்கும். பக்கத்து வீட்டு பைக்குக்கு வெறும் பெட்ரோல் போதுகிறது; நம் வண்டிக்கு மட்டும் பங்க்கில் ‘2டி ஆயில்’ கேட்டு வாங்கிக் கலக்க வேண்டியிருக்கிறதே, ஏன்? இன்னொன்று: நின்றுபோன வண்டியைத் தள்ளிக்கொண்டு போனால் மெக்கானிக் முதலில் பிளக் ஸ்பேனரைத்தான் எடுக்கிறார். என்ஜினில் எத்தனையோ பாகம் இருக்க, அவர் கை ஏன் எப்போதும் பிளக்குக்கே போகிறது?

இரண்டுக்கும் பதில் ஒரே இடத்தில் இருக்கிறது. இந்த என்ஜின் தனக்கு மசகு போடுகிற எண்ணெயையே எரித்துத் தீர்க்கிற என்ஜின். எரிந்ததன் மிச்சம் போய் ஒட்டும் முதல் இடம் பிளக்.

அடியில் ஆயில் இல்லாத என்ஜின்

பிஸ்டன் மேலிருந்து கீழோ கீழிருந்து மேலோ ஒரு தடவை போவதை ‘வீச்சு’ என்று வைத்துக்கொள்வோம். பைக் என்ஜின் நான்கு வீச்சில் ஒரு வேலையை முடிக்கிறது: காற்றையும் பெட்ரோலையும் இழுக்கிறது, அழுத்துகிறது, எரிக்கிறது, புகையை வெளியே தள்ளுகிறது. அங்கே பெட்ரோலுக்கு வேலை பிஸ்டனுக்கு மேலே மட்டும்தான். பிஸ்டனுக்குக் கீழே கிராங்க் சுழலும் அறையில் என்ஜின் ஆயில் தேங்கி நிற்கும். கிராங்க், பேரிங் எல்லாம் அதில் நனைந்தபடி சுழலும்.

பழைய டிவிஎஸ் ஃபிஃப்டி இரண்டே வீச்சில் அத்தனையையும் முடித்துவிடுகிறது. இந்த வகை என்ஜினுக்கு 1881-ல் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தின் டூகல்ட் கிளார்க். எரிபொருள் கலவையைச் சிலிண்டருக்குள் தள்ள அவர் தனியாக ஒரு பம்பு வைத்திருந்தார். பத்து வருஷம் கழித்து, 1891-ல், ஜோசப் டே என்ற ஆங்கிலேயர் அந்தப் பம்பையே வேண்டாம் என்றார். பிஸ்டன் மேலே ஏறும்போது அதன் கீழே வெற்றிடம் உண்டாகிறது. இறங்கும்போது கீழே இருப்பது அழுந்துகிறது. அப்படியானால் கிராங்க் அறையே ஒரு பம்புதானே! கலவையை முதலில் கிராங்க் அறைக்குள் இழுத்து, அங்கிருந்து பக்கவாட்டுத் துவாரம் வழியாக மேலே அனுப்பினார். கேம் இல்லை, தனிப் பம்பும் இல்லை. விலை மலிவாக, எடை குறைவாக, ஊரில் உள்ள எந்த மெக்கானிக்கும் பிரித்து மாட்டக்கூடியதாக ஒரு என்ஜின் அமைந்தது இந்த யோசனையால்தான்.

சுந்தரம் கிளேட்டன் நிறுவனம் 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் ஃபிஃப்டியை வெளியே விட்டபோது, இருவர் உட்காரக்கூடிய இந்தியாவின் முதல் மொபெட் அதுவாக இருந்தது. அதன் வயிற்றுக்குள் இருந்தது ஜோசப் டேயின் இந்த ஏற்பாடுதான்.

ஆனால் இதில் ஒன்றை இழக்க வேண்டியிருந்தது. கிராங்க் அறை வழியாகப் பெட்ரோல் போகிறதென்றால் அங்கே ஆயிலைத் தேக்கி வைக்க முடியாது. தேக்கினால் கலவையோடு சேர்ந்து அதுவும் மேலே போய்விடும். கிராங்க்கும் பேரிங்கும் சிலிண்டர் சுவரும் வறண்டு கிடக்கவும் கூடாது. கடைசியில் ஒரே வழிதான் மிஞ்சியது: பெட்ரோல் போகிற வழியிலேயே ஆயிலையும் அனுப்புவது.

பெட்ரோல் பறக்கும், ஆயில் தங்கும்

பெட்ரோலில் கரைந்துபோன ஆயில் எப்படித் திரும்பப் பிரிந்து பேரிங்கில் ஒட்டும்? சூடான தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் சுர்ரென்று ஆவியாகிவிடும். எண்ணெய் விட்டால் பரவி நிற்கும். கிராங்க் அறையில் நடப்பதும் அதுதான். கலவை மிக நுண்ணிய துளிகளாக உள்ளே வருகிறது. சூடான உலோகத்தில் படும்போது பெட்ரோல் ஆவியாகிக் காற்றோடு கலந்து மேலே போகிறது. ஆயில் அவ்வளவு எளிதில் ஆவியாகாது. அது பேரிங்கிலும் பிஸ்டன் பாவாடையிலும் சிலிண்டர் சுவரிலும் மெல்லிய படலமாகப் படிகிறது. கொஞ்ச நேரம் அங்கே வேலை பார்த்துவிட்டு மெல்ல மேலே நகர்ந்து, அதுவும் எரிந்துபோகிறது. அடுத்த துளி அதன் இடத்தைப் பிடிக்கிறது.

எவ்வளவு ஆயில் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். செஞ்சியிலிருந்து திண்டிவனம் ஏறத்தாழ 28 கிலோமீட்டர். மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போனால் 48 நிமிடம். என்ஜின் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்தால் திண்டிவனம் போய்ச் சேருவதற்குள் கிராங்க் 1,92,000 தடவை சுற்றியிருக்கும். லிட்டருக்கு 55 கிலோமீட்டர் கொடுக்கும் வண்டி அரை லிட்டர் பெட்ரோல் குடித்திருக்கும். லிட்டருக்கு 20 மில்லி ஆயில் கலந்திருந்தால் செலவான ஆயில் 10 மில்லி. ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்று கொண்டால் மொத்தம் 200 சொட்டு. அதாவது ஒரு சொட்டு ஆயில் ஏறக்குறைய ஆயிரம் சுற்றுக்குத் தாங்குகிறது!

இந்தச் சிக்கனம் எனக்கு எப்போதும் வியப்பாகவே இருக்கிறது. இவ்வளவு குறைந்த ஆயிலில் ஓடுவதால்தான் இந்த என்ஜின்களில் கிராங்க்கைத் தாங்க உருளும் பேரிங்குகளை வைக்கிறார்கள். குண்டும் ஊசி உருளையும் உருண்டு போவதால் மெல்லிய படலமே அவற்றுக்குப் போதும்.

பிளக் என்ன செய்கிறது?

அதே திண்டிவனம் பயணத்தில் பிளக்கின் கணக்கையும் பார்ப்போம். இரு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு பொறி. அப்படியானால் ஒரு வழிக்கே கிட்டத்தட்ட இரண்டு லட்சம் பொறி. பைக்கில் இரண்டு சுற்றுக்கு ஒரு தடவைதான் கலவை எரிகிறது.

பிளக்கைத் தமிழில் தீப்பொறிச் செருகி எனலாம். நாம் பிளக் என்றே சொல்வோம். நடுவில் ஒரு உலோகக் கம்பி, அதைச் சுற்றி வெள்ளைப் பீங்கான், வெளியே மரை போட்ட இரும்பு உடம்பு, அதிலிருந்து வளைந்து வந்து நிற்கும் இன்னொரு முனை. இரண்டு முனைக்கும் நடுவே இடைவெளி பல சின்ன வண்டிகளில் 0.6, 0.7 மில்லிமீட்டர் அளவுதான். மின்சாரம் அந்த இடைவெளியைத் தாண்டிக் குதிக்கும்போது பொறி பிறக்கிறது. குதிக்காமல் வேறு வழியாக இறங்கிவிடாதபடி தடுப்பது பீங்கானின் வேலை.

பிளக்கின் உள்முனை சூடாகவும் இருக்க வேண்டும். ஏறத்தாழ 450, 500 டிகிரி செல்சியசுக்கு மேலே போனால்தான் அதில் படியும் கரி தானாகவே எரிந்து சுத்தமாகும். 900 டிகிரி பக்கம் போய்விட்டால் பொறி வருவதற்கு முன்பே அந்த முனை கலவையைப் பற்றவைத்துவிடும். பிஸ்டனில் ஓட்டை விழக்கூட வாய்ப்புண்டு. அந்த இரண்டு எல்லைக்கும் நடுவில்தான் பிளக் நலமாக இருக்கும். என்ஜினுக்கு என்ஜின் சூடு மாறுவதால் பிளக்கின் எண்ணும் மாறுகிறது. மரை பொருந்துகிறது என்பதற்காக வேறு வண்டிப் பிளக்கைப் போடக்கூடாது என்பதற்குக் காரணம் இதுதான்.

வரப்போரம் நின்ற ஒரு வண்டி

இனி ஒரு வண்டியை எடுத்துக்கொண்டு படிப்படியாகப் பார்ப்போம். கொல்லியிலிருந்து, அதாவது நிலத்திலிருந்து, இரண்டு மூட்டை மணிலாவோடு வரும் வழியில் நின்றுவிட்டது. எவ்வளவு மிதித்தாலும் பிடிக்கவில்லை. தள்ளிக்கொண்டு வந்து ரோட்டோரக் கடையில் விட்டாயிற்று.

“இன்னாண்ணா, ஆயில் எவ்ளோ ஊத்துனீங்க?”

“ரெண்டு லிட்டருக்குக் கொஞ்சம் தாராளமாவே ஊத்துனேன்பா. லோடு அடிக்கிற வண்டியாச்சே.”

மெக்கானிக் பிளக் மூடியைப் பிடுங்கி, ஸ்பேனரைப் போட்டுக் கழற்றுகிறார். முனை கறுப்பாக, ஈரமாக, பிசுபிசுப்பாக இருக்கிறது. மறுபடி மூடியை மாட்டி, பிளக்கின் உடம்பு என்ஜினில் படும்படி வைத்து மிதித்துப் பார்க்கிறார். பொறி வருகிறது. “கரன்ட் நல்லாத்தானே வருது, அப்புறம் ஏன் ஸ்டார்ட் ஆவல?” என்று வண்டிக்காரர் கேட்கிறார்.

இந்தக் கேள்வியில்தான் விஷயமே இருக்கிறது. வெளியே, சாதாரணக் காற்றில், 0.6 மில்லிமீட்டர் இடைவெளியைத் தாண்ட ஏறத்தாழ 2,500 வோல்ட் போதும். சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலேறி அழுத்தியிருக்கும் கலவை பல மடங்கு அடர்த்தியானது. அதைக் கிழித்துக்கொண்டு குதிக்க 10,000 வோல்ட் அளவுக்கு வேண்டும். பொறிக்கான மின்சாரத்தைத் தரும் காயில் அதைக் கொடுக்கும் சக்தி உள்ளதுதான். ஆனால் பீங்கான் மேல் கரி படிந்திருக்கிறதே! கரி மின்சாரத்தைக் கடத்தும். வோல்ட் ஏறிக்கொண்டிருக்கும்போதே அது கரிப்படலத்தின் வழியாகக் கசிந்து இரும்பு உடம்புக்கு இறங்கிவிடுகிறது. 2,500-ஐ எட்டுவதற்குள் பெரிதாகக் கசியாததால் வெளியே பொறி தெரிகிறது. 10,000 ஒருபோதும் வராததால் உள்ளே பொறி இல்லை. வெளியே பொறி வந்தால் பிளக் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டுவது பாதிச் சோதனைதான். கையோடு ஒரு புது பிளக்கை மாட்டிப் பார்ப்பதே முழுச் சோதனை.

இப்போது கரி ஏன் படிந்தது என்று பார்க்கலாம். இவர் வண்டிக்கு லிட்டருக்கு 20 மில்லி என்றால், இரண்டு லிட்டருக்கு 40 மில்லி போதும். ‘தாராளமாக’ பாட்டிலைச் சரித்ததில் 100 மில்லி விழுந்திருக்கலாம். 50-க்கு ஒரு பங்கு இருக்க வேண்டியது 20-க்கு ஒரு பங்காகிவிட்டது. அதோடு கொல்லிக்கும் வீட்டுக்கும் நடுவே மண்பாதையில் மெதுவாக, சின்னச் சின்னத் தூரமாகவே வண்டி ஓடுகிறது. பிளக் முனை கரியை எரிக்கும் சூட்டுக்குப் போவதற்குள் வீடு வந்துவிடுகிறது. ஏர் ஃபில்டரில் புழுதி அடைந்திருந்தால் காற்று குறைந்து, பெட்ரோலும் சரியாக எரியாமல் கரி இன்னும் கூடும்.

மெக்கானிக் பிளக்கைப் பெட்ரோலில் கழுவி, துடைத்துக் காயவைக்கிறார். இரண்டு முனைகளையும் உப்புத்தாளால் லேசாகத் தேய்க்கிறார். பீங்கானைக் கம்பி பிரஷ்ஷால் தேய்க்கக்கூடாது. தேய்ந்த உலோகம் அதில் ஒட்டி, கரி செய்த அதே கெடுதலைச் செய்யும். இடைவெளியை ஃபீலர் கேஜ் வைத்துச் சரிபார்க்கிறார். பிளக்கைத் திரும்ப மாட்டும்போது முதலில் கையாலேயே முழுக்கத் திருகி உட்கார வைத்து, பிறகுதான் ஸ்பேனரைத் தொடுகிறார். புது வாஷர் உள்ள பிளக்குக்குக் கை திருகலுக்குப் பிறகு அரைச் சுற்று போதும். சிலிண்டர் ஹெட் அலுமினியம். பலத்தைக் காட்டினால் மரை போய்விடும். கோணலாக ஏற்றினாலும் அப்படித்தான்.

வீட்டில் இந்தச் சோதனையைச் செய்பவர்கள் இரண்டு விஷயத்தில் கவனமாக இருங்கள். பிளக்கை வெறுங்கையில் பிடித்துக்கொண்டு மிதித்தால் ஷாக் அடிக்கும். பிளக் துவாரத்துக்குப் பக்கத்திலேயே பொறி காட்டினால் உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றும்; கழுவிய பெட்ரோலையும் தூர வையுங்கள்.

கழற்றிய பிளக்கின் நிறத்தைப் பார்க்கப் பழகிக்கொண்டால் பாதி வைத்தியம் முடிந்தது. பீங்கான் இளம் பழுப்பில், உலர்ந்து இருந்தால் எல்லாம் சரி. கறுப்பாக, கைபட்டால் தூளாக ஒட்டினால் பெட்ரோல் அதிகம் அல்லது காற்று குறைவு: சோக், ஏர் ஃபில்டரைப் பாருங்கள். கறுப்பும் பிசுக்குமாக இருந்தால் ஆயில் அதிகம். வெளுத்து, முனையில் பொரிந்தாற்போல் இருந்தால் என்ஜின் அளவுக்கு மீறிச் சூடாகிறது. கறுப்பைவிட வெளுப்பைக் கண்டுதான் அதிகம் பயப்பட வேண்டும். கறுத்த பிளக் வண்டியை நிறுத்தும், அவ்வளவுதான். வெளுத்த பிளக்கைக் கவனிக்காமல் ஓட்டினால் பிஸ்டனே பிடித்துக்கொள்ளும், ரீபோர் வரைக்கும் போகும்.

தாராளம் என்ஜினுக்கு நல்லதில்லை

ஆயில் கூடினால் என்ஜினுக்கு நல்லதுதானே என்ற நம்பிக்கை நம் ஊரில் ஆழமாக இருக்கிறது. அக்கறையில் பிறந்த நம்பிக்கை, ஆனால் தவறு. கார்ப்பரேட்டரின் ஜெட் குறிப்பிட்ட அளவு திரவத்தைத்தான் விடும். அதில் ஆயிலின் பங்கு கூடினால் பெட்ரோலின் பங்கு குறைகிறது. கலவை கெட்டியாவதால் ஜெட் வழியாக வருவதும் கொஞ்சம் குறையும். பெட்ரோல் குறைந்த கலவை சூடாக எரியும். குளிர்ச்சிக்காக ஊற்றிய ஆயில் சூட்டைக் கூட்டுகிறது. சைலன்ஸரிலும் புகைபோக்கித் துவாரத்திலும் கரியை அடைத்து இழுவையையும் குறைக்கிறது.

பைக்குக்குப் போடும் என்ஜின் ஆயிலைக் கலப்பதும் கூடாது. அதில் தேய்மானத்தைத் தடுக்கவும் அழுக்கை அகற்றவும் துத்தநாகம், கால்சியம் போன்ற உலோகச் சேர்மங்களைச் சேர்த்திருப்பார்கள். எரிந்தால் அவை சாம்பலாகப் பிளக்கில் படியும். 2டி ஆயில் சாம்பலும் புகையும் குறைவாக எரிவதற்கென்றே செய்யப்படுவது.

டெல்லியின் காற்று கெட்டதில் இந்தத் தாராளத்துக்கும் பங்கு உண்டு. ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் கண்ணளவில் ஆயில் ஊற்றி ஓடிய நகரம் அது. உச்ச நீதிமன்றம் 1998-ல் தலையிட்டு, அங்குள்ள பங்க்குகளில் உதிரியாக 2டி ஆயில் விற்பதை நிறுத்தி, அளவாகக் கலந்த பெட்ரோலையே கொடுக்கச் சொன்னது. ஒரு அளவுக் குவளையின் வேலையை நீதிமன்றம் செய்ய வேண்டியிருந்தது.

குல்மார்க் பனியில் அதே என்ஜின்

காஷ்மீரின் குல்மார்க்கில் குளிர்காலத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு பனிமேல் ஓடும் வண்டிகளைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். முன்னால் இரண்டு சறுக்குப் பலகை, பின்னால் பல்போட்ட ரப்பர் பட்டை. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் வால்கோர் என்ற சின்ன ஊரைச் சேர்ந்த ஜோசப் அர்மான் பொம்பார்டியே 1959-ல் ‘ஸ்கீ-டூ’ என்ற பெயரில் விற்கத் தொடங்கிய வண்டியின் வம்சம் அது. அவற்றில் ஏராளமானவை இரு வீச்சு என்ஜின் கொண்டவை. காரணம் நம் ஊர்க் காரணமேதான்: எடை குறைவு, எளிமை, இழுவை. பனியில் புதையாமல் ஓட எடை குறைவாக இருந்தாக வேண்டும்.

ஆகவே அங்கேயும் பெட்ரோலில் ஆயில், பிளக்கில் கரி. புதிய வண்டிகளில் ஆயிலுக்குத் தனி டாங்க் இருக்கும்; ஒரு பம்பு என்ஜினின் தேவைக்கேற்ப அளந்து விடும். ஓட்டுபவர் அந்த டாங்க் காலியாகாமல் பார்த்துக்கொண்டால் போதும். குல்மார்க் கடல் மட்டத்துக்கு 2,600 மீட்டருக்கு மேல் இருக்கிறது. அங்கே காற்றின் அழுத்தம் நம் ஊரைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. செஞ்சியில் சரியாக ஓடும் கார்ப்பரேட்டரை அங்கே கொண்டுபோனால் பெட்ரோல் அதிகமான கலவையைக் கொடுத்துப் பிளக்கைக் கறுப்பாக்கிவிடும். கடுங்குளிரில் பெட்ரோல் சரியாக ஆவியாகாமல் பிளக்கை நனைப்பது தனிச் சிக்கல். அதனால்தான் பனிவண்டி ஓட்டுபவர்கள் மாற்றுப் பிளக்குகளைப் பையில் வைத்துக்கொண்டே கிளம்புகிறார்கள்.

கோடைக்கு வண்டியை மூடி வைக்கும்போது அவர்கள் செய்யும் ஒரு காரியம் நமக்கும் பயன்படும். பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துவாரம் வழியாகச் சிலிண்டருக்குள் கொஞ்சம் ஆயில் விட்டு, என்ஜினை மெதுவாகச் சில சுற்று சுற்றிவிட்டுப் பிளக்கை மாட்டிவிடுகிறார்கள். சும்மா நிற்கும் என்ஜினுக்கு ஆயில் கொண்டுவர ஆளில்லை. ஈரக்காற்றில் சிலிண்டர் துரு ஏறிவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கொட்டகையில் மாதக்கணக்கில் நிற்கும் மொபெட்டுக்கும் சில சொட்டு 2டி ஆயிலை இப்படி விடலாம்.

என்ஜினுக்கு வெளியேயும் மசகுக்கு வேலை இருக்கிறது. பனிவண்டியில் உருகிய தண்ணீர் புகுந்து இணைப்புகளிலுள்ள கிரீஸை வெளியேற்றிவிடும். புது கிரீஸ் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நமக்குத் தொல்லை புழுதி. செயினில் ஆயில் வழிய வழிய விட்டால் கொல்லிப் புழுதி அதில் ஒட்டி, உப்புத்தாள் போல் பல்சக்கரத்தைத் தின்னும். பழைய அழுக்கை மண்ணெண்ணெயில் துடைத்து, மிதமாக ஆயில் விட்டு, மிஞ்சியதைத் துணியால் வழித்துவிட வேண்டும். ஆக்ஸிலேட்டர் கேபிளில் சில சொட்டு, ஹேண்டில் கோன் செட்டிலும் சக்கரப் பேரிங்கிலும் கிரீஸ். அவ்வளவுதான்.

இனி வரும் வண்டிகள்

இரு வீச்சு என்ஜினுக்கு ஒரு பெருங்குறை உண்டு. புதுக் கலவை உள்ளே வரும்போதே பழைய புகையும் வெளியே போவதால், எரியாத கலவையில் கணிசமான பங்கு புகையோடு சேர்ந்து ஓடிவிடும். பெட்ரோலும் வீண், காற்றும் கெடும். புகை விதிகள் இறுகிக்கொண்டே வந்து, 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன்பே, 2015-ல், டிவிஎஸ் நிறுவனம் நான்கு வீச்சு என்ஜின் கொண்ட எக்ஸ்எல் 100-ஐக் கொண்டுவந்துவிட்டது. ஆனாலும் பழைய வண்டிகள் கிராமங்களில் இன்னும் உழைத்துக்கொண்டிருக்கின்றன. அளவாக ஆயில் ஊற்றினால் இன்னும் பல காலம் உழைக்கும்.

பழைய வண்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். மருந்துக்கடையில் கிடைக்கும் மில்லிக் கோடு போட்ட சின்னக் குவளை ஒன்றை வாங்கி டூல் பாக்ஸில் போட்டுக்கொள்ளுங்கள். கூடவே ஒரு புது பிளக்கும் ஸ்பேனரும். உங்கள் வண்டிக் கையேட்டில் லிட்டருக்கு எத்தனை மில்லி என்று போட்டிருக்கிறதோ அதுதான் அளவு. எக்ஸ்எல் 100-க்கு மாறியவர்கள் பழைய பழக்கத்தில் பெட்ரோல் டாங்க்கில் 2டி ஊற்றாதீர்கள். அந்த வண்டியின் ஆயில் என்ஜினுக்குள்ளேயே இருக்கிறது; அதன் மட்டத்தை அவ்வப்போது பார்த்து, கையேடு சொல்லும் கிலோமீட்டரில் மாற்றினால் போதும்.